அணில் கட்டில்

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

இன்றைய தவறு: மதியம் பள்ளி வேன் போன பிறகு முன்கதவைத் தாழிட மறந்துவிட்டேன்.

சின்னத் தவறுதான். ஆனாலும் எழுதிவைக்க வேண்டும். மாலை வகுப்பில் எங்களுக்குக் குழந்தை வளர்ப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: தினமும் முதலில் ஒரு தவறை எழுதுங்கள், கடைசியில் மறுநாள் வேலையை எழுதுங்கள், நடுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். என்னோடு படிக்கிறவர்கள் "இன்று தவறு எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எனக்கு அப்படி ஒரு நாள்கூட அமைந்ததில்லை. தாழ்ப்பாள் போட்டேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிற ஆள் நான். இன்று ஒரு தடவைகூடப் போகவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பெரியம்மாவும் எழுதச் சொல்லியிருக்கிறார். "யாராவது வந்து கேப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கோ," என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "எல்லாத்தையும் எழுதணும்னு இல்ல," என்றும் சொன்னார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறவர் சொல்வதைக் கேட்பது என் வழக்கம். எனவே எல்லாவற்றையும் எழுதுகிறேன். வந்து கேட்கப்போகிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நியாயமான ஆளாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெரியம்மா எனக்கு உறவு இல்லை. இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளியின் பெயர்ப்பலகைக்குக் கீழே மூன்று விஷயங்கள் எழுதியிருக்கும்: இயற்கைச் சூழல், குடும்பச் சூழல், தனிக் கவனம். மூன்றும் உண்மை. இயற்கைச் சூழல் என்றால் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. சுற்றிலும் வயல், வயலுக்கு அப்பால் நெடுஞ்சாலை. குடும்பச் சூழல் என்றால் தலைமையாசிரியைக்குப் பெரியம்மா என்று பெயர், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கணவருக்குப் பெரியப்பா, சமையல்காரிக்குச் சித்தி, வேன் ஓட்டுகிறவருக்கு மாமா. தனிக் கவனம் என்பது நான்தான். எனக்கு அக்கா என்று பெயர்.

காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள்தான் இங்கே அதிகம். தங்கிப் படிக்கிற சின்னப் பிள்ளைகள் ஒரே கூடத்துக்குள் அடங்குவார்கள். படிக்கத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். முயல், மயில், ஆமை, அணில் என்று. அதே படம்தான் துண்டிலும், டம்ளரிலும், பல் துலக்கும் பிரஷிலும். பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒரு அணில் போனால் அடுத்த அணில் வரும். படத்தை மாற்ற வேண்டியதில்லை. இது பெரியம்மாவின் யோசனை. சிக்கனமான யோசனை என்று எனக்கும் தோன்றுகிறது.

எங்கள் பள்ளியில் கஷ்டமான நேரம் மாலை நான்கு மணி. வேறு விடுதிகளில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே எல்லாப் பிள்ளைகளுமே தங்குகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே விதி. இங்கே நான்கு மணிக்கு மணியடித்ததும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறும். சிலரை அப்பா அம்மாவே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரே களிமண்ணைப் பிசைந்தவன் வீட்டுக்குப் போகிறான், நான் ஏன் போகவில்லை என்ற கேள்வி தினமும் நான்கு மணிக்குப் புதிதாகப் பிறக்கும். அதற்குப் பதில் சொல்வது என் வேலை. பெரியம்மா அந்த நேரத்தில் கணவரோடு தேநீர் குடிப்பார்.

புதிதாக வந்த பிள்ளை அழுகையை நிறுத்துவதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: வேர் பிடித்தல். "முயல் வேர் பிடிச்சாச்சா?" என்று பெரியம்மா கேட்பார். நட்ட செடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் அது எப்படிப் பிடிக்கும் என்பது அவருடைய கொள்கை. அதனால் முதல் ஆறு வாரங்களுக்குப் பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மட்டும் பேசலாம். அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாம். வேர் பிடிக்காத பிள்ளையைப் பெற்றோர் திரும்ப அழைத்துப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் பெரியம்மா எதுவும் சொல்ல மாட்டார். இரண்டு நாள் என்னைப் பார்க்காதவர் மாதிரி நடந்துகொள்வார், அவ்வளவுதான்.

அணில் இந்தப் பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் வந்தவள். ஆறு வயது. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பேருந்தில் நடத்துநர். தொலைதூர வண்டியில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் நடுச்சாமம் என்று வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்குமாம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனதில் ஏதோ சண்டையாகி, வேறு வழி இல்லாமல் இங்கே கொண்டுவந்து விட்டார். விடும்போது எல்லாப் பெற்றோரும் சொல்வதையே சொன்னார்: "ஒரு வருஷம்தான் டீச்சர். அப்புறம் பகல் வண்டிக்கு மாத்தித் தரேன்னு சொல்லியிருக்காங்க." எங்கள் பள்ளியில் டீச்சர் என்று சொல்லக் கூடாது, அக்கா என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். "சரிங்க டீச்சர்," என்றார்.

அணிலுக்கு அவர் ஒரு பழைய பருத்திச் சால்வையைக் கொடுத்துவிட்டுப் போனார். நீல நிறம், ஓரம் நைந்துபோனது. வேலைக்குப் போர்த்திக்கொண்டு போகிற சால்வை. டீசல் வாசனையும், ஏதோ ஒரு மலிவான முகப்பவுடர் வாசனையும் கலந்து அடிக்கும். அணில் அதை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். நான்கு மணிக்கும் அதை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். நெடுஞ்சாலையில் பேருந்து போகிற சத்தம் கேட்டால் கம்பிக்குள் முகத்தை நுழைத்து, "அம்மா வண்டி," என்பாள். ஒருநாள் சித்தி, "அடியே, போறதெல்லாம் உங்கம்மா வண்டின்னா உங்கம்மா எப்பதான் தூங்குவா?" என்று கிண்டல் செய்தாள். அணில் யோசித்துவிட்டு, "சிக்னல்ல," என்றாள். சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். அது அவளுடைய கடைசி வேடிக்கைப் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே குறித்துவைத்திருப்பேன்.

மாலை வகுப்பில் தேர்ச்சி பெற, ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கக் கவனித்து, அதன் முன்னேற்றத்தை வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். நான் அணிலை எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "இந்த அணில மட்டும் வேர் பிடிக்க வெச்சிடு. விடுதிப் பொறுப்ப மொத்தமா உன் கையில குடுத்துடறேன்." எனக்கு எதையும் முழுதாகக் கையில் கொடுத்தவர்கள் இதுவரை கிடையாது. வீட்டில் அண்ணன் இன்னும், "ஆயா வேலைக்கு ஒரு படிப்பா?" என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தது உண்மை. அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. குழந்தை அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் முதல் காரணம். இரண்டையும் எழுதிவிட்டேன், எது முதலில் வந்தது என்பதில் எனக்கே சில நேரம் குழப்பம் வருகிறது.

முதலில் தொலைபேசியைக் கவனித்தேன். ஞாயிறு அம்மாவோடு பேசினால் செவ்வாய் வரை அழுகை. பேசாவிட்டால் அழுகை கிடையாதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. அடுத்த ஞாயிறு அவள் அம்மா கூப்பிட்டபோது, "விளையாடிட்டு இருக்காங்க, கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க," என்றேன். "அப்படியா. விளையாடறாளா. சந்தோஷமா இருந்தா சரி டீச்சர். கூப்பிடாதீங்க, விளையாடட்டும்," என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நன்றி என்றும் சொன்னார். எனக்கு நன்றி சொன்ன முதல் பெற்றோர் அவர்தான். அந்த நேரத்தில் அணில் வாசல் படியில் தலைவாரிப் பின்னிக்கொண்டு, சால்வையோடு, தொலைபேசி மணி அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தாள். "அம்மாவுக்கு இன்னிக்கு நேரமில்லையாம்," என்று சொன்னேன். அதுவும் பெரிய பொய் இல்லை. நடத்துநர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது.

அந்த வாரம் புதன் வரை அழுதாள். என் கணிப்பு தவறு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் சால்வை நினைவுக்கு வந்தது.

சால்வையைத் துவைத்தேன். சுத்தம் முக்கியம் என்று பாடத்திலேயே இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. வெந்நீரில் ஊறவைத்து, நல்ல சோப்பு போட்டு, இரண்டு முறை அலசி, வெயிலில் காயப்போட்டேன். அணில் அதை மூக்கில் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். ஓரத்தை மோந்தாள், நடுவில் மோந்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து, "அக்கா, இது அம்மாவுது இல்ல. மாறிப்போச்சு," என்றாள். சோப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அன்றைய தவறாக அதை எழுதியிருந்தேன்.

வாசனை போன பிறகும் அவள் சால்வையை விடவில்லை. சட்டென்று பிடுங்குவது கொடுமை. அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆகவே ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, மடித்துத் தைத்துக் கொடுத்தேன். தையல் எனக்கு நன்றாக வரும். போர்வை அளவில் இருந்தது துண்டு அளவுக்கு வந்தது, துண்டு கைக்குட்டை ஆனது. "ஏன் அக்கா சின்னதாகுது?" என்று கேட்டாள். "துவைச்சா துணி சுருங்கும்," என்றேன். அதற்குப் பிறகு அவள் துவைக்கக் கொடுக்கவே இல்லை. அழுக்கோடு சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு முன்னேற்றம்தான். தன் பொருளைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஆனால் நான்கு மணி அழுகை நிற்கவில்லை. ஆறு வாரமும் முடியப்போகிறது. அடுத்த சனிக்கிழமை அவள் அம்மா வரலாம். வந்தால் எல்லாம் பாழ். பெரியம்மா தினமும் கேட்க ஆரம்பித்தார். "என்னம்மா, உன் அணில் இன்னும் கம்பியில தொங்கிட்டே இருக்கு. வேனுக்கு வர்ற பேரன்ட்ஸ் எல்லாம் பாக்கறாங்க. புதுசா யாராவது சேர்க்க வந்தா என்ன நினைப்பாங்க?" என்றார். குழந்தை என்ன நினைக்கும் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கேட்கவில்லை, எனவே ஆச்சரியம் எதுவும் நேரவில்லை.

அப்போதுதான் ஆமையைக் கவனித்தேன். ஆமை ஏழு வயதுப் பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். சித்தப்பா இங்கே சேர்த்துவிட்டார். ஆமை நான்கு மணிக்கு வாசலுக்கு வருவதில்லை. மணி அடித்தால் திண்பண்டத் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவான். நான் பார்த்தவரையில் எங்கள் விடுதியில் நன்றாக வேர் பிடித்த ஒரே பிள்ளை அவன்தான். ஏன் என்று யோசித்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். ஆமைக்குக் காத்திருக்க யாரும் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நான் சரியாகத்தான் யோசிக்கிறேனா என்று பல நாள் சந்தேகப்பட்டேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதே விடைதான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை அணிலிடம் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னேன்.

இரவில் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்லக் கூடாது, குழந்தைகள் பயந்துவிடும். வெறும் வயிற்றிலும் கூடாது. பால் கொடுத்த பிறகு, துணி வைக்கும் அறையில், என் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "பஸ்ஸுலயா?" என்றாள். காரணத்தை நான் யோசித்துவைத்திருக்கவில்லை. அது என் தயாரிப்பில் இருந்த குறை. தலையை மட்டும் ஆட்டினேன். பொய்யை வாயால் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை.

"அப்ப டிக்கெட் யாரு குடுப்பா?" என்று கேட்டாள்.

"வேற ஒருத்தர் வருவாங்க."

"அம்மாவோட பையில சில்லறை நெறைய இருக்குமே. அத எடுத்துட்டாங்களா?"

"இல்ல. பத்திரமா இருக்கு."

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. டம்ளரின் அடியில் கொஞ்சம் பால் மிச்சம் இருந்தது. அதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி அணில் படத்துக்குக் கீழே கவிழ்த்துவைத்தாள். அன்று நான்கு மணிக்கு அவள் வாசலுக்கு வரவில்லை. ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமை தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். பெரியம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "எப்படிச் செஞ்ச?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சரி, எப்படியோ செஞ்சிட்ட. அந்த மயிலுக்கும் இதே மாதிரி செஞ்சிடு," என்று சொல்லிவிட்டு நடந்தார். மயில் அப்போதுதான் சேர்ந்திருந்த பையன். தொண்டை கட்டிப்போகிற அளவு அழுகிறவன்.

ஞாயிறு தொலைபேசியை நானே எடுத்து, அணிலின் அம்மாவிடம், மாதாந்திரச் சந்திப்பு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, பரீட்சை நேரம் என்று சொன்னேன். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. தனியார் பள்ளி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருப்பார். "நல்லாப் படிக்கறாளா டீச்சர்?" என்றார். "ரொம்ப அமைதியா இருக்காங்க," என்றேன். அது முழு உண்மை.

அந்த வாரங்களில் நான் கவனித்தவற்றையும் எழுத வேண்டும். அணில் இலைகளைக் கிழித்து டிக்கெட் மாதிரி அடுக்கி, மற்ற பிள்ளைகளின் கட்டிலில் ஆளுக்கு ஒன்று வைப்பாள். ஆமைக்கு மட்டும் இரண்டு வைப்பாள். பேருந்துச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சத்தத்துக்குக் கூச்சப்படுகிற குழந்தை என்று குறித்துக்கொண்டேன். நான் மாலை வகுப்புக்குப் புறப்படும்போது வந்து என் உடையைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, பஸ்ல போவாதீங்க. நடந்து போங்க," என்பாள். "தூரம்டா கண்ணு," என்று சொல்லி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். நான் திரும்பி வரும்வரை தூங்காமல் இருப்பாளாம், சித்தி சொன்னாள். "உன்மேல உசுரா இருக்கு அந்தப் புள்ள. பெத்தவகூட இப்படிப் பிடிச்சு வெக்க மாட்டா," என்றாள். அதையும் அன்றே எழுதிக்கொண்டேன். பாடத்தில் இதற்கு நம்பிக்கைப் பிணைப்பு என்று பெயர்.

இன்றைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை அரை நாள். வேன் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டது. அடுத்த வாரம் வகுப்பில் வாசிக்க வேண்டிய கட்டுரையின் கடைசிப் பத்தி காலையில்தான் அமைந்துவந்திருந்தது. அதையே மனசில் ஓட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை மறந்துவிட்டு, பிள்ளைகளைக் கை கழுவ அழைத்துப்போனேன். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து டயர் வெடித்து நின்றிருக்கிறது. அதன் நடத்துநர் பயணிகளை எல்லாம் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, வயல் வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறார். கதவு திறந்திருந்தது. மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் உள்ளே வந்துவிட்டார். சீருடை, தோளில் டிக்கெட் பை, செருப்பெல்லாம் சேறு.

"ஒரு அஞ்சு நிமிஷம் டீச்சர்," என்றார். "தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன். பரீட்சைக்கு இடைஞ்சல் பண்ண மாட்டேன்."

அணில் அப்போது குழாயடியில் நின்றிருந்தாள். ஈரக் கையோடு திரும்பினாள். ஓடிவரவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதையோ என்னிடம் கேட்கிற பார்வை. அவள் மெதுவாக நடந்து வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, எங்கள் பள்ளியில் பெரியவர்களிடம் பேசப் பழக்கியிருக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"எங்கம்மா செத்துட்டாங்க."

அவர் சிரித்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார். "அப்படியா? அப்ப நான் யாருடி, வாலு?" என்று கையை நீட்டினார். அணில் ஒரு அடி பின்னால் போனாள். டிக்கெட் பையைப் பார்த்தாள். ஒரு விரலால் மட்டும் அதைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே சில்லறை குலுங்கியது. பிறகு கேட்டாள்:

"உங்களுக்கு வலிச்சுதா?"

அவர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "என்னடா சொல்ற? யாருடா சொன்னா?" என்றார். அணில் சட்டைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு நீலத் துணியை எடுத்துக் காட்டினாள். "துவைச்சுத் துவைச்சு சுருங்கிடுச்சு. நான் பத்திரமா வெச்சிருந்தேன்," என்றாள். அவர் அதை வாங்கி, ஓரத்தில் இருந்த தையலைப் பார்த்தார். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தையல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். "குழந்தைங்க கற்பனை பண்ணும்மா. இந்த வயசுல இதெல்லாம் சகஜம். உள்ள வாங்க, ஒரு காபி சாப்பிட்டுப் பேசலாம்," என்றார். அணிலின் அம்மா காபி சாப்பிடவில்லை. மகளைத் தூக்கப் போனார். அப்போதுதான் அணில் கத்தினாள். ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டது இப்போதுதான். என் வயிற்றில் முகத்தை அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, நான் அவங்ககூடப் போனா நானும் செத்துடுவேனா?"

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் அதுதான் சரி என்று தோன்றியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று சித்தி பிறகு சொன்னாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வியாழக்கிழமை ஒன்று சொல்லிவிட்டு இந்தச் சனிக்கிழமை வேறொன்று சொன்னால் குழந்தை குழம்பிப்போகும். சொன்ன சொல் மாறக் கூடாது என்பது குழந்தை வளர்ப்பில் அடிப்படை.

அவர் அவளை என்னிடமிருந்து பிரித்தெடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் பிரிப்பதைப் போலவே. தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். அணில் கை நீட்டி என்னையே பார்த்து, அக்கா அக்கா என்று நெடுஞ்சாலை வரை கத்திக்கொண்டு போனாள். பேருந்து பக்கத்தில் போனதும் கத்தல் இன்னும் அதிகமானது. அந்த அம்மா வண்டியில் ஏற்றவில்லை. சாலை ஓரமாகவே நடக்க ஆரம்பித்தார். வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் நான் யார் சொல்வதற்கு. பெற்றவர்.

பெரியம்மா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் உன்ன ஒண்ணும் கேக்கல. நீயும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றார். பெரியப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கதவத் தாழ் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது," என்று மட்டும் சொன்னார். அதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்துதான். எனக்கும் அதே கருத்து.

எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையை வைத்து நானும் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுப்பார்த்தேன். அடித்தேனா? இல்லை. பட்டினி போட்டேனா? இல்லை. குரலை உயர்த்தியிருக்கிறேனா? ஒருநாளும் இல்லை. ஒரு குழந்தையின் அம்மாவை அதன் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல், எடுத்தேன். அதை நான் மறுக்கவில்லை. எடுத்த இடத்தை வெறுமையாக விடவும் இல்லை. இன்று அவள் அழுதது யாருக்காக என்று நேரில் பார்த்தவர்களைக் கேளுங்கள். அம்மாவுக்காக அழவில்லை. எனக்காக அழுதாள். இதைவிட ஆழமாக ஒரு குழந்தை எங்கே வேர் பிடிக்கும்? கட்டுரையின் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். முடிவு முன்பைவிட நன்றாக அமைந்துவிட்டது.

தவறு தாழ்ப்பாளில் மட்டும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வழியில் வண்டி நின்றால் வந்து எட்டிப் பார்க்கக்கூடிய அம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. அந்த வகையில் மயில் பரவாயில்லை. மயிலின் அம்மா கடல் தாண்டி வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு லீவு கிடையாதாம். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவதோடு சரி. அவர் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தலையணை உறைதான். அதை நேற்றே ஊறவைத்துவிட்டேன்.

நாளைய வேலை: முன்கதவைத் தாழிட்டு, இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும். அணில் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டும். காலையில் பால் கொடுத்த பிறகு மயிலைத் துணி அறைக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்காரவைத்து, அவனுடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்படி என்று கேட்பான். காரணத்தை இந்த முறை முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும்.